தெரியாதவளின் நாற்காலி

...அதுதான் இல்லை என்கிறேன் நூர்ஜகான்! தெருவே செல்வியின் கவனக்குறைவு என்று பேசுகிறது. நீயும் அதையே பிடித்துக்கொண்டு பேசுகிறாய். அவள் ஒரு வரியைத் தவறவிட்டாள், உண்மைதான். ஆனால் அந்த வரி விட்டுப்போனது எனக்குத் தெரியும். தெரிந்தும், "எல்லாம் சரியா இருக்கு" என்று சொன்னவள் நான். தப்பு என்னுடையது.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. பெற்ற மகனிடம் சொல்லவில்லை. மருமகள் செல்வியிடம் சொல்லவே இல்லை. உன்னிடம் மட்டும் ஏன் சொல்கிறேன்? இன்றைக்கு நீ வந்து உட்காரப் போகும் நாற்காலி, நேற்று வரைக்கும் நான் உட்கார்ந்திருந்தது. அதனால்தான்.

உட்கார். செல்வி உள்ளே குழந்தைக்குத் தலைக்கு ஊற்றிக்கொண்டிருக்கிறாள், இப்போதைக்கு வர மாட்டாள். சத்தம் கேட்கிறதா? குழந்தையின் அப்பன், என் மகன், சின்ன வயதில் இதைவிடக் கத்துவான். பாடாலூரில் வெங்காயக் காட்டு வாய்க்காலில் அவனைப் பிடித்துக் குளிப்பாட்டினால், ரோட்டில் போகிற பஸ்ஸிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்ப்பார்கள். இன்றைக்கு அரியலூரில் சுண்ணாம்புக் கல் லாரி ஓட்டுகிறான். வாரத்துக்கு ஒரு தடவை வருகிறான், தலையிலிருந்து கால் வரை வெள்ளைப் புழுதியோடு... சரி, அவனை விடு. விஷயத்துக்கு வருகிறேன்.

செல்வி லேப்டாப்பில் என்ன செய்கிறாள் என்று உனக்குத் தெரியுமா? தெரியாது. தெரியாததால்தானே உன்னைக் கூப்பிட்டிருக்கிறாள்! தெருவில் சொல்வது என் காதிலும் விழுகிறது. "பொழுதன்னிக்கும் பொட்டியே கதின்னு கெடக்குறா, மாமியாக்காரி ஆக்கிப் போடுறா" என்கிறார்கள். ஆக்கிப் போடுவதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அவள் வைக்கும் ரசத்தைவிட நான் வைக்கும் ரசம் எனக்குப் பிடிக்கும்.

கம்ப்யூட்டருக்குள் ஒரு மேனேஜர் இருக்கிறது. பேக்கேஜ் மேனேஜர் என்பாள். யாரோ சட்டை போட்ட ஆள் உள்ளே உட்கார்ந்திருப்பதாகத்தான் நான் முதலில் நினைத்துக்கொண்டேன். கேட்டுவிட்டு அவள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! ஆளெல்லாம் கிடையாது. படம் வரைய ஒன்று, தமிழில் தட்ட ஒன்று, கணக்குப் போட ஒன்று என்று கம்ப்யூட்டருக்கு வேண்டிய சாமான்கள் எத்தனையோ இருக்கின்றன. பேரைச் சொன்னால் இந்த மேனேஜர் கொண்டுவந்து உள்ளே வைக்கும். அந்தச் சாமான் தனியாக ஓடாது என்றால், அதற்குத் துணையாக வேண்டியதையும் கேட்காமலே சேர்த்துக் கொண்டுவரும். வேண்டாம் என்றால் வெளியே அனுப்பிவிடும். அவ்வளவுதான் அதன் வேலை.

அதை எப்படி வேலை வாங்குவது என்று செய்முறை எழுதி இணையத்தில் போட்டிருக்கிறார்கள். இங்கிலீசில் இருந்ததை யார் யாரோ தமிழில் மாற்றினார்கள். அதில் அங்கங்கே சின்னச் சின்னப் பிழை. ஒரு இடத்தில் வரிசை எண் இரண்டு தடவை வந்திருக்கும். ஒரு இடத்தில் பழைய படம் இருக்கும், இப்போது திரையில் வருவது வேறாக இருக்கும். செல்வி அதைத்தான் ஒவ்வொன்றாகத் திருத்திக்கொண்டிருந்தாள். சம்பளம் கிடையாது. கூலி இல்லாத வேலைக்கு இத்தனை பாடா என்று நானும் கேட்டேன்.

"வூட்டுல சும்மா இருந்தேன்னு சொன்னா யாரும் வேல குடுக்க மாட்டேங்குறாங்க அத்த. இது நான் செஞ்சதுன்னு காட்டலாம்ல" என்றாள்.

சென்னையில் நல்ல வேலையில் இருந்தவள் அவள். பிள்ளைப்பேற்றுக்கு வந்தாள், வேலை போனது. அதற்குப் பிறகு எங்கே கூப்பிட்டாலும் போனில் ஒரே கேள்விதான். இத்தனை நாள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்? பிள்ளை வளர்த்தேன் என்றால், அப்புறம் கூப்பிடுகிறோம் என்பார்கள். போனை வைத்துவிட்டுக் கொல்லைக்குப் போவாள். முகம் கழுவிக்கொண்டு வருவாள். 

அப்புறம்தான் கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் பேசினார். இந்தத் தமிழ்ப் பக்கங்களுக்கெல்லாம் மேற்பார்வை அவர்தானாம். மரியாதையான மனிதர், குழந்தை அழுதால்கூட "பரவால்லைங்க, பாத்துட்டு வாங்க" என்பார். செல்வியின் திருத்தங்களில் ஒன்றுகூடத் தப்பு என்று திரும்பி வந்ததில்லை, முழுப் பொறுப்பையும் அவளிடமே கொடுக்கலாம் என்று யோசிப்பதாகச் சொன்னார். வீட்டிலிருந்தே செய்கிற வேலை ஒன்று தன் கம்பெனியில் வருகிறது, சொல்லிப் பார்க்கிறேன் என்றும் சொன்னார். அன்றைக்கு அவள் குழந்தையைத் தூக்கிச் சுற்றினாள். என்னையும் பிடித்துச் சுற்றினாள், என் முட்டி போனது!

இதில் என் பங்கு என்ன? அதைச் சொல்லத்தானே உட்கார்ந்திருக்கிறேன்.

செல்விக்கு ஒரு முறை உண்டு. ஒரு பக்கத்தில் ஒரு புள்ளியைத் திருத்தினாலும், அந்தப் பக்கத்தை முதலிலிருந்து கடைசி வரை சத்தமாக வாசிப்பாள். ஒன்றும் தெரியாத ஒரு ஆள் பழைய லேப்டாப்பின் முன்னால் உட்கார்ந்து, அவள் வாசிப்பதைக் கேட்டுச் செய்ய வேண்டும். தெரிந்த ஆளை உட்கார வைத்தால், எழுதாமல் விட்டதையும் அவர்களே நினைத்துச் செய்துவிடுவார்களாம். அப்படிச் செய்தால் பக்கம் சரியா தப்பா என்று எப்படித் தெரியும்?

அந்த ஒன்றும் தெரியாத ஆள் நான்தான். எனக்குக் கைநாட்டுத்தான். பஸ்ஸில் எழுதியிருக்கும் ஊர்ப்பேரைக்கூடக் கண்டக்டரைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்வேன். இந்த உலகத்தில் எதுவுமே தெரியாமல் இருப்பதற்காக ஒருத்தியைக் கூப்பிட்டு நாற்காலி போட்டு உட்கார வைப்பார்கள் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருப்பேனா? எனக்கு அவ்வளவு குஷி! காலையில் எழுந்ததும் குளித்து, பூ வைத்துக்கொண்டு போய் உட்காருவேன்.

பொத்தான்களில் பொட்டு ஒட்டிக் கொடுத்தாள். ஸ்டிக்கர் பொட்டுதான், நெற்றியில் வைப்பது. உத்தரவு கொடுக்கும் பொத்தானுக்குச் சிவப்பு. சரி என்பதற்குப் பச்சை. வேண்டாம் என்பதற்குக் கறுப்பு. என் திரையில் அந்தச் செய்முறையும் திறந்திருக்கும், அதில் ஒவ்வொரு உத்தரவுக்கும் பக்கத்தில் சின்னதாக ஒரு கட்டம் இருக்கும். அதைத் தொட்டுவிட்டு, கறுப்புத் திரையில் வந்து தொட்டால் அந்த வரி அப்படியே வந்து உட்கார்ந்துவிடும். அப்புறம் சிவப்புப் பொட்டு. வேலை நடக்கும்.

"காதுல வுழுந்தத மட்டும் செய்ங்க அத்த. வுழாதத நீங்களா செய்யாதீங்க. புரியலன்னா புரியலன்னு சொல்லுங்க, அதுதான் எனக்கு வேணும்" என்பாள்.

நான் சொல்வேன். "புரியல, இப்ப எங்க தொடணும்?" என்பேன். உடனே "ஆகா!" என்று அவள் குனிந்து தட்டுவாள். அந்த இடத்தில் ஒரு வரி கூடுதலாகச் சேரும். என்னுடைய "புரியல"வுக்கு ஒரு வரி! இருபது வயதிலிருந்து களை பறித்தேன், வெங்காயத் தாள் அறுத்தேன், பருத்தி எடுத்தேன். அந்தக் கூலியை வாங்கி முந்தியில் முடியும்போதுகூட எனக்கு அந்தச் சந்தோஷம் வந்ததில்லை நூர்ஜகான். பொய் சொல்லவில்லை... இதிலாவது.

ஆனால் ஒரு மனுஷி எத்தனை நாளைக்குத் தெரியாதவளாகவே இருக்க முடியும்?

ஒரே மாதிரியான பக்கங்களைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். எழுத்து தெரியாவிட்டால் என்ன, கண் இருக்கிறதே! ஒவ்வொரு உத்தரவும் எப்படி இருக்கும், எது நீளம், எது குட்டை, எதன் கடைசியில் வால் தொங்கும் என்று மனதில் ஏறிவிட்டது. குழந்தையைப் பால்வாடிக்குக் கூட்டிக்கொண்டு அவள் போன நேரத்தில், நானாக உட்கார்ந்து அழுத்திப் பார்ப்பேன். பொட்டு ஒட்டாத ஒரு பொத்தான், மேலே பார்க்கிற அம்புக்குறி போட்டிருக்கும். அதை அழுத்தினால் முன்னால் கொடுத்த உத்தரவுகளெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்பி வரும். அதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. நானே கண்டுபிடித்தேன்.

அதை ஓடிப்போய் அவளிடம் சொல்ல வேண்டாமா? சொல்லியிருந்தால் எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பாள்! சொல்லவில்லை. ஏன் தெரியுமா? உன்னால்தான்.

முறைக்காதே. ஒருநாள் அவள் வாசித்து முடிப்பதற்கு முன்னால் நான் சிவப்புப் பொட்டை அழுத்திவிட்டேன். அவள் சிரித்தாள்.

"என்னத்த, நான் சொல்றதுக்கு முன்னாடியே கை போவுது? உங்களுக்கு எல்லாம் தெரிஞ்சு போச்சு. இனிமே எதிர் வூட்டு நூர்ஜகான் அக்காவத்தான் கூப்பிடணும் போல!"

விளையாட்டாகச் சொன்னதுதான். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

உன்மேல் எனக்கு என்ன கோபம்? ஒன்றும் இல்லை. லப்பைக்குடிக்காட்டிலிருந்து கல்யாணமாகி வந்த நாளிலிருந்து உன்னைப் பார்க்கிறேன். உன் வீட்டுக்காரர் துபாயிலிருந்து வரும்போதெல்லாம் எனக்கென்று தைலம் கொடுத்தனுப்புவாய். பெருநாள் பிரியாணி முதலில் எங்கள் வீட்டுக்குத்தான் வரும். ஆனாலும் அந்த நாற்காலியில் நீ உட்கார்ந்து, "புரியலம்மா" என்று நீ சொல்லி, உனக்காக ஒரு வரி சேருவதை நினைத்துப் பார்த்தேன். வயிறு எரிந்தது. இந்த வயதில், இதற்காக! வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எரிந்தது.

அன்றிலிருந்து நடிக்க ஆரம்பித்தேன்.

தெரிந்த பொத்தானைத் தேடுவேன். "இது பச்சையா, கறுப்பா? கண்ணு தெரியல" என்பேன். வேண்டுமென்றே ஒரு தடவை தப்பாகத் தொட்டுவிட்டு, "அய்யய்யோ!" என்பேன். அவள் நம்பினாள். நம்பி, என் "புரியல"வுக்கெல்லாம் வரி சேர்த்தாள். தேவையே இல்லாத வரிகள்! யோசித்துப் பார்... அவள் வேலையில் நானே பிழையைக் கொண்டுபோய்ப் போட்டுக்கொண்டிருந்தேன். அதையாவது சின்னக் குறும்பு என்று விட்டுவிடலாம். அடுத்தது அப்படி இல்லை.

வேண்டாத சாமான்களை வெளியே அனுப்புவதற்கு ஒரு பக்கம் இருந்தது. அதை அவள் எனக்கு இப்படி விளக்கியிருந்தாள். விசேஷ வீட்டுக்கு ஒரு விருந்தாளி வருகிறார், துணைக்கு இரண்டு பேரைக் கூட்டி வருகிறார். அவர் கிளம்பினால், துணைக்கு வந்தவர்களுக்கு இங்கே இனி வேலை இல்லை என்று மேனேஜர் அவர்களையும் அனுப்பிவிடும். அவர்களில் யாராவது நமக்கு வேண்டும் என்றால், முன்கூட்டியே "இவங்க இருக்கட்டும்" என்று ஒரு உத்தரவு கொடுத்துவிட வேண்டும். கொடுக்காவிட்டால் எல்லாரும் போய்விடுவார்கள்.

 நானும் இந்த வீட்டுக்குத் துணைக்கு வந்தவள்தானே? மகன் அரியலூரில் கிடக்கிறான். இங்கே இருப்பவர்கள் அவளும் அவள் பிள்ளையும். என்னை இருக்கட்டும் என்று யார் சொல்லி வைத்திருக்கிறார்கள்? அந்த நாற்காலி ஒன்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது.

அந்தப் பக்கத்தில் வரிசை எண் குழம்பிக் கிடந்தது. செல்வி அதைச் சரிசெய்தாள். சின்னத் திருத்தம், புருவம் திருத்துகிற மாதிரி. அப்படிச் செய்யும்போது ஒரு வரி கையோடு அழிந்துவிட்டது. எந்த வரி? அந்த "இவங்க இருக்கட்டும்" வரிதான்.

வழக்கம்போல வாசித்தாள். அன்றைக்குக் குழந்தைக்குக் காய்ச்சல். ஒரு கையால் அதைத் தோளில் தட்டிக்கொண்டு, ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டு வாசித்தாள். நான் செய்துகொண்டே வந்தேன். முதல் உத்தரவு. இரண்டாவது. அடுத்து அந்த வரியை வாசிக்க வேண்டும். வாசிக்கவில்லை. நேரே "இப்ப வேண்டாதத அனுப்பற உத்தரவக் குடுங்க" என்றாள்.

என் விரல் நிற்கவில்லை நூர்ஜகான். பழக்கம்! மேல் அம்புக்குறியை அழுத்தி, அந்த நீளமான வால் தொங்குகிற வரியைப் பழையதிலிருந்து கொண்டுவந்து, சிவப்புப் பொட்டை அழுத்திவிட்டது. அப்புறம் அவள் சொன்னதைச் செய்தேன். திரையில் எல்லாம் ஒழுங்காக வந்தது. போக வேண்டியது போனது, இருக்க வேண்டியது இருந்தது.

அதற்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது. அவள் அந்த வரியைச் சொல்லவே இல்லையே!

"எல்லாம் ஒழுங்கா வந்துச்சா அத்த?"

அந்த ஒரு நொடி... இப்போது சொல்லு என்று உள்ளே ஒன்று சொன்னது. சொன்னால் என்ன கேட்பாள்? "நான் சொல்லாதத நீங்க எப்பிடிச் செஞ்சீங்க?" என்று கேட்பாள். எனக்குத் தெரிந்துவிட்டது என்று தெரிந்துவிடும். மறுநாள் நீ வந்து உட்காருவாய்.

"வந்துச்சு. எல்லாம் சரியா இருக்கு" என்றேன்.

அவள் குழந்தையோடு குனிந்து, ஒரு விரலால் தட்டி, அந்தப் பக்கத்தை ஊருக்கெல்லாம் அனுப்பிவிட்டாள்.

நிஜமாகவே தெரியாதவளாக இருந்திருந்தால், விரல் சும்மா இருந்திருக்கும். சாமான் காணாமல் போயிருக்கும், பிழை அப்போதே அகப்பட்டிருக்கும். தெரிந்தவள் என்று ஒத்துக்கொண்டிருந்தாலும் அகப்பட்டிருக்கும். நான் இரண்டுமாக இல்லை. தெரிந்துகொண்டு, தெரியாதவள் வேஷம் போட்டேன். அந்த ஒரு விதமான ஆளிடம்தான் அந்தப் பிழை தப்பிக்க முடியும். தப்பித்தது!

அப்புறம் நடந்தது உனக்குத் தெரியும், பாதி தெரியும். அரியலூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்து டீச்சர் வந்தாரே, பச்சைப் புடவை. செய்முறையின் அடியில் இருந்த செல்வியின் பேரையும் ஊரையும் வைத்து வழி கேட்டு, உன் வீட்டுக் கதவைத்தானே முதலில் தட்டினார்? அவர் பள்ளியில் படிப்பதெல்லாம் கல் குவாரியில் வேலை செய்கிறவர்களின் பிள்ளைகள். யார் யாரையோ கெஞ்சி, பழைய கம்ப்யூட்டர்களை வாங்கிவந்து ஒரு அறையில் வைத்திருக்கிறார். கொடுத்தவர்கள் வந்து பார்க்கப் போகிறார்கள் என்பதால் பிள்ளைகள் தமிழில் தட்டவும் படம் வரையவும் பழகியிருக்கிறார்கள். கம்ப்யூட்டரில் இடம் போதவில்லை, வேண்டாததை அனுப்பலாம் என்று செல்வியின் பக்கத்தை வெளியே அச்செடுத்து வந்து, அதைப் பார்த்து வரி வரியாகச் செய்திருக்கிறார். எல்லாக் கம்ப்யூட்டரிலும். துணைக்கு வந்தது என்று மேனேஜர் அனுப்பிவிட, தமிழ் போனது. படம் வரைவதும் போனது. அந்தப் பள்ளியில் இணையம் கிடையாது, உடனே திரும்பக் கொண்டுவர வழி இல்லை. மறுநாள் கொடுத்தவர்கள் வந்து நின்றார்கள். பிள்ளைகள் வெறும் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்களாம்.

"இதுக்காம்மா குடுத்தோம்னு என் மூஞ்சிக்கு நேராக் கேட்டுட்டுப் போயிட்டாங்க" என்றார் டீச்சர். சண்டை போடத்தான் வந்திருந்தார். செல்வி குழந்தையோடு நிற்பதைப் பார்த்ததும் குரல் இறங்கிவிட்டது. "இங்கிலீசு பக்கத்தப் பாத்துருந்தா எனக்கு இது நடந்துருக்காது. நம்ம தமிழ்ல இருக்கேன்னு நம்புனேன் பாருங்க" என்றார்.

செல்வி லேப்டாப்பைத் திறந்து பார்த்தாள். அந்த "இருக்கட்டும்" வரி அதில் இல்லை.

"சோதிச்சுப் பாத்துதானே போடுவீங்க?" என்று டீச்சர் கேட்டார்.

"எங்க அத்தைய வெச்சுச் சோதிச்சேன் டீச்சர். எப்பவும் அப்பிடித்தான்."

டீச்சர் என் பக்கம் திரும்பினார். நான் காபி டம்ளரோடு நின்றுகொண்டிருந்தேன். "அப்பிடியாம்மா? இதுல எழுதியிருக்க மாதிரியே செஞ்சீங்களா? அப்ப எல்லாம் ஒழுங்கா இருந்துச்சா?"

"ஆமாங்க டீச்சர். எம் மருமவ சொன்னபடிதான் செஞ்சேன். எனக்கென்னங்க தெரியும், நான் கைநாட்டு" என்றேன்.

கேட்டாயா? நான் கைநாட்டு என்றேன்! அதைச் சொன்னதும் அவர் முகத்தில் ஒரு இரக்கம் வந்தது. அதற்கு மேல் என்னைக் கேட்கவில்லை. ஆயுசுக்கும் எனக்கு அவமானமாக இருந்த ஒன்றைத் தூக்கி, குடை மாதிரிப் பிடித்துக்கொண்டேன்.

டீச்சர் போன பிறகு செல்வி பழைய லேப்டாப்பின் முன்னால் உட்கார்ந்தாள். நான் அடுப்படியிலிருந்து பார்த்தேன். மேல் அம்புக்குறியை அழுத்திக்கொண்டே இருந்தாள். ஒவ்வொரு வரியாகப் பின்னால் போனாள். ஒரு இடத்தில் விரல் நின்றுவிட்டது.  அதில் எல்லாம் இருக்கும் நூர்ஜகான். நான் அன்றைக்கு அழுத்தியது அத்தனையும் வரிசையாக இருக்கும்.

மூடி வைத்துவிட்டு எழுந்தாள். என் பக்கம் பார்க்காமல், "குழந்தைக்குச் சாதம் ஆயிடுச்சா அத்த?" என்று கேட்டாள். அவ்வளவுதான்.

கண்டுபிடித்துவிட்டாளா? இல்லை, அவள் கண்ணுக்குப் படவில்லையா? எனக்கு இன்று வரை தெரியாது. நிஜமாகவே எனக்குத் தெரியாத ஒன்று கடைசியில் கிடைத்துவிட்டது!

மறுநாள் கோயம்புத்தூர்க்காரருக்கும், அந்தப் பக்கத்தைப் படிக்கிற எல்லாருக்கும் மன்னிப்புக் கேட்டு எழுதினாள். எழுதியதை எனக்குத்தான் வாசித்துக் காட்டினாள், எப்போதும்போல ஒவ்வொரு வரியாக. "இந்தப் பிழைக்கு நான் மட்டுமே பொறுப்பு" என்று வாசித்தாள். "என் கவனக்குறைவால் பாதிக்கப்பட்ட மாணவர்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்" என்று வாசித்தாள். வாசித்துவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"புரியுதா அத்த?"

"புரியுது."

"ஏதாச்சும் வுட்டுப் போச்சா?"

நூர்ஜகான்... அவள் அந்தக் கடிதத்தைப் பற்றித்தான் கேட்டாளா? என்னைக் கேட்டாளா? எனக்காகக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாளா? அந்தக் கண்ணை நான் பார்க்கவில்லை. குழந்தையின் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தேன்.

"ஒண்ணும் வுட்டுப் போவல. நல்லா எழுதியிருக்க" என்றேன்.

அனுப்பிவிட்டாள்.

அந்த மனிதர் திட்டவில்லை. இனிமேல் செல்வி செய்கிற திருத்தத்தை வேறு இரண்டு பேர் பார்த்த பிறகுதான் ஏற்றுவோம் என்று பணிவாகச் சொன்னார். பொறுப்பு மதுரையில் யாருக்கோ போனது. கம்பெனி வேலையைப் பற்றி அவரும் பேசவில்லை, இவளும் கேட்கவில்லை. என் மகன் வந்தபோது, "அந்தப் பொட்டியக் கட்டி மேல போடு" என்றான். இவளோ அடுத்த நாள் குழந்தையை என்னிடம் விட்டுவிட்டு அரியலூருக்குப் பஸ் ஏறினாள். போனிலிருந்து இணையம் எடுத்து, அந்தப் பள்ளிக் கம்ப்யூட்டரையெல்லாம் ஒவ்வொன்றாகச் சரிசெய்துவிட்டு, பொழுது இறங்கும்போது திரும்பி வந்தாள். புடவையெல்லாம் சுண்ணாம்புப் புழுதி. பிள்ளைகள் வரைந்து கொடுத்த ஒரு படத்தைக் குழந்தையிடம் கொடுத்தாள். என்னிடம் காட்டவில்லை. காட்டியிருந்தாலும் நான் எந்த முகத்தோடு பார்ப்பேன்?

நேற்று, இட்லி வைத்துக்கொண்டே சொன்னாள். "நாளைலேர்ந்து நூர்ஜகான் அக்காவ வரச் சொல்லியிருக்கேன் அத்த. உங்களுக்கும் கண்ணு சரியில்ல, செரமமா இருக்கும்ல."

என் கண்ணுக்கு என்ன? மொட்டை மாடியில் காயும் வற்றலில் எறும்பு ஊர்வது இங்கிருந்து தெரியும் எனக்கு! கண் தெரியவில்லை என்று நான் ஆடிய கூத்தை எடுத்து, பதமாக மடித்து, என் கையிலேயே கொடுத்துவிட்டாள். மருமகள் என்றால் அப்படி இருக்க வேண்டும். சண்டை போட்டிருந்தால் நானும் இரண்டு வார்த்தை பேசியிருப்பேன். அழுதிருப்பேன், தீர்ந்திருக்கும். அவள் தீர விடவில்லை. அல்லது ஒன்றுமே தெரியாமல், என் கண்ணுக்காக இரக்கப்பட்டுத்தான் சொன்னாளோ? அது இன்னும் மோசம்.

இதையெல்லாம் உன்னிடம் சொல்லிவிட்டேன், பாரம் இறங்கியதா? இல்லை. சொல்ல வேண்டிய காது உள்ளே இருக்கிறது. நான் சொன்னதோ உன் காதில். அதிலும் நல்ல எண்ணம் ஒன்றும் இல்லை, உள்ளதைச் சொல்கிறேன். நீ அங்கே நிம்மதியாக உட்காரக் கூடாது என்றுதான் காலையிலிருந்து வாசலில் காத்திருந்தேன். இப்போதும் எரிகிறது நூர்ஜகான்! அந்தப் பிள்ளைகள் வெறும் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்ததைக் கேட்டும், இவளுக்கு வர இருந்த வேலை போனதைப் பார்த்தும், இன்னும் எரிகிறது. என்ன ஜென்மம் நான்?

ம்... சத்தம் நின்றுவிட்டது. குளிப்பாட்டி முடித்துவிட்டாள்.

"அத்த! நூர்ஜகான் அக்கா வந்துட்டாங்களா? உள்ள வரச் சொல்லுங்க. நீங்க கொஞ்சம் அடுப்புல பாலப் பாத்துக்குங்க!"

கேட்டதா? எழுந்திரு. உன்னைத்தான். தலையை மூடிக்கொண்டது போதும், சரியாகத்தான் இருக்கிறது, போ.

என்ன கையைப் பிடிக்கிறாய்? என்ன?... அவளிடம் சொல்லட்டுமா என்று கேட்கிறாயா? நான் சொல்லச் சொன்னதாகவா? இல்லை, நீயாகச் சொல்வது போலவா? நீ சொன்னால் அவள்...

இரு, இரு. பால் பொங்குகிறது, கையை விடு!